முருங்கைக்காய்க்கு வரி, மாப்பிள்ளைக்கு இல்லை

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
14.11.2004

அன்புள்ள இரவீந்திரனுக்கு,

கதிர்காமத்தம்பி எழுதுகிறேன். இங்கே நானும் மங்களேஸ்வரியும் சுகம். அங்கே உன்னுடைய முழங்கால் நோவும் சிறிதேவியின் சர்க்கரையும் சொல்வழி கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன்.

கடையில் தொலைபேசி அட்டை விற்கிறவன் எதற்காக முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்று யோசிப்பாய். லண்டனுக்கு எடுத்தால் சிறிதேவி ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். இந்தப் பக்கத்தில் மங்களேஸ்வரி என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் என்ன சொல்லவேண்டும் என்று எனக்கே சொல்லித்தருகிறாள். நாலுபேர் கதைக்கிற இடத்தில் காரியம் பேச முடியாது. அதனால்தான் உன்னுடைய கணக்காளர் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். வாசித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

முதலில் துசாந்தினியின் செய்தி. பிள்ளை மருத்துவம் படித்து முடிக்கப்போகிறாள். இந்த நாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. படித்து முடித்த டொக்டர்கள் ஒன்றரை வருடம் பயிற்சி வேலை செய்யவேண்டும். எந்த ஊரில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். நல்ல இலக்கம் விழுந்தவர்கள் ஒஸ்லோவையும் பேர்கனையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இவளுக்கு விழுந்த இலக்கம் அடிச்சட்டியில் ஒட்டியது. மிஞ்சிக் கிடந்தது ஹம்மர்பெஸ்ட்.

நல்ல இலக்கம் விழுந்த பிள்ளை யாராவது மாற்றிக்கொள்வார்களா, என்ன எதிர்பார்ப்பார்கள் என்று, ஒரு வியாபாரி கேட்கக்கூடியதைத்தான் நானும் கேட்டேன். "அப்பா, இது டொக்டர் வேலை, வெங்காய மூட்டை இல்லை" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹம்மர்பெஸ்ட் எங்கே இருக்கிறதென்று உனக்குத் தெரியாது. நோர்வேயின் படத்தை விரித்துவைத்து, இதற்கு மேல் மனிதர் இருக்கமாட்டார்கள் என்று நீ நினைக்கிற இடத்திலிருந்து இன்னும் மேலே போ. அங்கே இருக்கிறது. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அந்தக் கரையில்தான் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தேன். அங்கிருந்து தப்பி வந்து, கடை போட்டு, பிள்ளையை டொக்டராக்கினால், அரசாங்கம் அவளைத் திருப்பி அங்கேயே அனுப்புகிறது.

குளிரைப்பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் வாயில் இப்போது வேறொரு கதை வருகிறது. பயிற்சி முடிந்ததும் வெளிநாட்டில் போய் மேற்கொண்டு படிக்கப் போகிறாளாம். ஒருநாள் மெல்பேர்ன் என்கிறாள், ஒருநாள் ரொறன்ரோ என்கிறாள். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. மறைக்காமல் சொல்கிறேன், அவளை நோர்வேயில் நிற்பாட்டிவைக்க எனக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும்.

போன மாதம் கலியாணம் பேசுகிற ஜெயகுமாரி அக்கா, கொழும்புப் பொடியன் ஒருவனின் சாதகத்தோடு வந்தா. அருமையான பொருத்தமாம். கிரகங்கள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கின்றனவாம். நான் சாதகத்தை மடித்துவைத்துவிட்டு, கடவுச்சீட்டு என்ன நிறம் என்று கேட்டேன். இலங்கைக் கடவுச்சீட்டென்றால் விண்ணப்பம் போட்டு, வருமானம் காட்டி, ஒரு வருடமோ இரண்டு வருடமோ காத்திருக்கவேண்டும். வந்தபின் பொடியன் மொழி படிக்கவேண்டும். அதற்குள் என் மகள் மெல்பேர்னில் கங்காரு பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது என் யோசனையைக் கேள். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இரண்டு தடவை வாக்கெடுப்பு வைத்து, வேண்டாம் என்று சனம் சொல்லிவிட்டது. ஆனால் ஒன்றியத்தின் சந்தை மட்டும் வேண்டும். கலியாணம் வேண்டாம், சமையலறைத் திறப்பை மட்டும் தாருங்கள் என்று கேட்பதுபோல ஓர் உடன்படிக்கை செய்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியப் பொருளாதார வலயம் என்று பெயர். இங்கே எல்லோரும் ஈ.ஓ.எஸ் என்பார்கள். நான் அதை என் தொழிலுக்காகப் படித்து ஏமாந்தவன். மரக்கறி அதற்குள் அடங்காது. லண்டனிலிருந்து ஒரு பெட்டி முருங்கைக்காய் எடுத்தால், சுங்கத்தில் நின்று, சான்றிதழ் காட்டி, வரி கட்டி, காய் வாடியபிறகுதான் வெளியே வரும். அதே லண்டனிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தால் ஒருவரும் மறிக்கமாட்டார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டும் ஒரு வேலையும் இருந்தால் போதும். விசா இல்லை, விசாரணை இல்லை. முருங்கைக்காய்க்கு வரி, மாப்பிள்ளைக்கு இல்லை. இப்படி ஒரு சலுகையை என் வியாபாரத்தில் நான் கண்டதேயில்லை.

உன் கீர்த்தனன் அபர்டீனில் ஒப்பந்தம் முடிந்து, வீட்டில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறான் என்று எழுதியிருந்தாய். ஹம்மர்பெஸ்டுக்குப் பக்கத்துத் தீவில் பெரிய எரிவாயு ஆலை கட்டுகிறார்கள். அவன் படித்த கருவிப் பொறியியல் வேலைக்கு ஆள் போதாமல் திண்டாடுகிறார்கள். ஆள் சேர்த்துக்கொடுக்கிற கம்பனிக்காரர் ஒருவர் என் கடையில் மிளகாய்த்தூள் வாங்குகிறார். நான் ஒரு சொல் சொன்னால் மற்றதைக் கீர்த்தனனின் படிப்புப் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகள் இருவருக்கும் இது தெரியக்கூடாது. தெரிந்தால் இரண்டும் இரண்டு திசையில் ஓடும். தாங்களே கண்டு, தாங்களே விரும்பியதாக அவர்கள் நினைக்கட்டும். பேசிச் செய்த கலியாணம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். மனைவிமாருக்கும் மூச்சு விடாதே. நாள் பார்த்து மண்டபமும் பிடித்துவிடுவார்கள்.

பேச்சுப் பிசகாமல் இருக்க ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில், ரயில் போய் முடிகிற இடத்துக்குக் கிட்ட, துசாந்தினியின் பெயரில் ஒரு தொடர்வீடு வாங்கி, இப்போதைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். எங்கள் வழமையில் மாப்பிள்ளைதானே பெண்ணின் வீட்டுக்கு வருவது. நீயும் கட்டின புதிதில் சிறிதேவியின் சீதன வீட்டில் இருந்து, மாமியாரின் குத்தல் பேச்சைக் கேட்டுக்கொண்டே புட்டுச் சாப்பிட்டவன்தான். அதை இங்கே உன் மகன் செய்யட்டும். மங்களேஸ்வரி அவ்வளவு குத்தமாட்டாள்.

நன்றாக யோசித்து, கெதியாகப் பதில் போடு.

உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழன்,
கதிர்காமத்தம்பி


ஹவுகன்ஸ்டுவா
3.4.2005

அன்புள்ள இரவீந்திரனுக்கு,

சரக்கு சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. கீர்த்தனன் நல்ல பொடியன். உன் மூக்கும் சிறிதேவியின் பொறுமையும். இடம் மாறி விழுந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கி, மங்களேஸ்வரி போட்டதையெல்லாம் சாப்பிட்டு, கேட்காமலே தட்டைக் கழுவிவைத்தான். அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, "பொடியன் ஆர் வீட்டுக்குக் குடுத்துவைச்சிருக்கோ" என்று மங்களேஸ்வரி பெருமூச்சு விட்டாள். நான் பேப்பர் வாசிப்பதுபோல் இருந்துவிட்டேன்.

இங்கே தங்குவதற்குப் பொலிசில் பதிகிற வேலையை வடக்கே போய்ச் செய்யலாம் என்று அவன் சொன்னான். நான் விடவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் இருக்கிறதென்று சொல்லி, முதல்நாள் பின்னேரமே அவனை முன்னால் இருத்தி, கேள்வி கேட்டுப் பழக்கினேன். ஏன் வந்தாய், யார் கூப்பிட்டது, எந்த வழியால் வந்தாய், திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும். "திரும்பிப் போனால் அம்மா பேசுவா" என்றான். அப்படிச் சொல்லக்கூடாது என்று திருத்தினேன்.

இருவரும் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு போனோம். நான் ஒரு தடித்த பத்திரக் கோவை கட்டிக்கொண்டு போனேன். அவனுடைய பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, பட்டம், பள்ளிக்கூட நற்சான்றிதழ், கோயில் தலைவரின் கடிதம், என் கடையின் பதிவு, எல்லா அளவிலும் புகைப்படம். நீ அனுப்பிய பொதியில் அவன் குழந்தையாய் இருந்தபோது ஊசி போட்ட அட்டையும் இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடவுச்சீட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் ஒரு புகைப்படத்தையும் வாங்கினாள். இந்த இடத்தில் கையெழுத்து என்றாள். நாளைக்கே வேலை தொடங்கலாம், அட்டை தபாலில் வரும் என்றாள். நான் கோவையின் நாடாவைக்கூட அவிழ்க்கவில்லை. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள். வேறு ஏதாவது பார்க்க விருப்பமா என்று கேட்டேன். நீங்கள் யார் என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் கீர்த்தனன், "அங்கிள், இவ்வளவு பேப்பரும் என்னத்துக்குக் கொண்டு வந்தனீங்கள்" என்றான். எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். ஊசி அட்டையையாவது ஒருக்கால் பார்த்திருக்கலாம். என்னை அந்தக் காலத்தில் இதே நாட்டில் இருத்தி எழுப்பி விசாரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபம் இந்தப் பிள்ளையில் இல்லை. வாசல் திறந்திருக்கும்போது உள்ளே போகிறவனுக்கு, அது முந்திப் பூட்டியிருந்தது தெரியவா போகிறது.

இனி முக்கியமான சங்கதி. துசாந்தினி பெப்ரவரியிலேயே அங்கே போய்விட்டாள். இவனை அவளிடம் அனுப்பக் காரணம் வேண்டும். எனக்குத் தெரிந்த காரணம் சாமான்தான். கறித்தூள் ஒரு பொதி கட்டிக் கையில் கொடுத்து, "தம்பி, ஆஸ்பத்திரியில எங்கட மகள் வேலை செய்யிறா, நேரம் கிடைச்சால் குடுத்துவிடு" என்று யோசியாமல் சொல்வதுபோல் சொன்னேன். கருவாட்டை வைக்கவில்லை. தூளும் கருவாடும் ஒரே பெட்டிக்குள் போகக்கூடாது, மணம் ஏறிவிடும், அதைப் பின்னால் உன் முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒடியல் மா. அதற்குப் பிறகு புளி. ஒரேயடியாக எல்லாவற்றையும் விற்றுவிட்டால் வாடிக்கைக்காரன் திரும்ப வரமாட்டான். பதினைந்து வருடமாகக் கடையை இப்படித்தான் நடத்துகிறேன்.

மேல்மாடியில் அறையும் குளியலறையும் கட்டுவிக்கிறாய் என்று எழுதியிருந்தாய். வாடகைக்கு விட நல்ல யோசனை. மாணவர்களுக்குக் கொடுக்காதே, சுவரெல்லாம் ஆணி அடிப்பார்கள்.

இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடு.

அன்புடன்,
கதிர்காமத்தம்பி


ஹவுகன்ஸ்டுவா
18.9.2005

அன்புள்ள இரவீந்திரனுக்கு,

உன் மகன் வீட்டுக்கு ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறான், காரியம் நடக்கிறதா இல்லையா என்று கேட்டிருந்தாய். பொறுமையாய் இரு. பிள்ளைகள் சொல்லாததை எனக்குச் சாமான் சொல்லும்.

துசாந்தினி கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சாமான் கேட்பாள், நான் தபாலில் போடுவேன். போன முதல் மாதங்களில் ஒரு சின்னப் பை குத்தரிசி அவளுக்குத் தாராளமாகப் போதும். இப்போது பெரிய பை கேட்கிறாள். நான் சாட்டுக்கு அனுப்பினேனே தவிர, பிள்ளை கருவாட்டு மணத்துக்கே மூக்கைப் பொத்துகிறவள். வைகாசியில் கட்டாக் கருவாடு இருக்கிறதா என்று கேட்டாள். நான் அன்றைக்கே நிறுத்துப் போட்டேன். ஆடி மாதம் அப்பளம் கேட்டாள். கருவாடென்றால் ஆசை வந்துவிட்டது என்று சொல்லலாம். தனியாக இருக்கிறவள் ஒருத்தி தனக்காக அப்பளம் பொரிக்கமாட்டாள்.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியுமா. கடையை ஒரு கிழமை மூடிவிட்டு, மங்களேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனேன். கோடையில் அங்கே சூரியன் படுக்கப் போவதேயில்லை. கலைமான்கள் கோயில் மாடுபோல ரோட்டில் திரிகின்றன. ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று மறித்துக்கொண்டு நின்றது. மங்களேஸ்வரி பாவம் பார்த்து, பிள்ளைக்கென்று சுட்டுக்கொண்டு போன வடையில் ஒன்றைப் போட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் நின்ற நாள் முழுக்க அது எங்களை விட்டுப் பிரியவில்லை. "உந்த மிருகத்துக்கு ஆர் உழுந்து குடுத்தது" என்று துசாந்தினி தாயைப் பேசினாள்.

கீர்த்தனன், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவன்போல அவள் வீட்டுக்கு வந்தான். இருவரும் கைகொடுத்தார்கள். "ஹலோ டொக்டர்" என்றான். "எப்பிடி வேலையெல்லாம்" என்று அவள் கேட்டாள். பார்க்க, நேற்றுத்தான் அறிமுகமானவர்கள்போல இருந்தது. பிறகு சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கவேண்டி வந்தது. கீர்த்தனன் எழும்பி, ஒருவரையும் கேட்காமல், சரியான அலுமாரியின் சரியான அடுக்கில் கையை வைத்தான். உப்பையும் எடுத்து வைத்தான். என் கடைக்குப் புதிதாக வருகிறவன் உப்பு எங்கே இருக்கிறதென்று கேட்பான். பழைய வாடிக்கைக்காரன் கேட்கமாட்டான். நான் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

திரும்பி வரும்போது விமானத்தில் மங்களேஸ்வரி, "உங்கட திருகுதாளம் எனக்கு எப்பவோ தெரியும். ஆராவது தூளையும் புளியையும் வேறை வேறை பார்சலில போடுவினமோ" என்றாள். இவ்வளவு நாளும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். நல்லாய்த்தானே போகிறது, நான் என்னத்துக்குக் குழப்ப என்றாள். அதனால் இனி என் பக்கத்தில் மறைக்கத் தேவையில்லை. சிறிதேவிக்கு நீயும் மெதுவாகச் சொல்லலாம். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மோர்டென்ஸ்ருட் வீட்டில் இருந்த குடும்பத்துக்கு, அடுத்த கோடையில் எழும்பவேண்டி வரும் என்று சொல்லிவைத்துவிட்டேன். மாப்பிள்ளை குளிக்கிற இடம் சரியில்லை என்று ஒரு சொல் வரக்கூடாது, அதனால் புதுக் குளியலறையும் போடப்போகிறேன்.

காரியம் கைகூடுகிற மகிழ்ச்சியோடு,
கதிர்காமத்தம்பி


ஹவுகன்ஸ்டுவா
11.6.2006

இரவீந்திரனுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

போன கிழமை பிள்ளைகள் இருவரும் ஒஸ்லோவுக்கு வந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அதைக் கண்டதுமே மங்களேஸ்வரி சர்க்கரை போடாமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, சாமி அறைக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். துசாந்தினி சுற்றிவளைக்கவில்லை. கலியாணம் செய்யப்போகிறோம் என்றாள். நான் திடுக்கிட்டதுபோல நடித்தேன்.

"அப்பா, காணும்" என்றாள். "முதல் பார்சலிலயே தெரியும். கடைக்குள்ள வளர்ந்தவள் நான். தூளும் கருவாடும் ஒரு பெட்டிக்குள்ள போகாதெண்டால் நம்ப, நான் என்ன வாடிக்கைக்காரியோ." அன்றைக்கே கீர்த்தனனிடம் சொல்லிச் சிரித்தாளாம். பிறகு, அங்கிள் அடுத்ததாக என்ன அனுப்புவார் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்களாம். ஒடியல் மாவுக்கு அவன் வென்றானாம். என்னுடைய தந்திரம்தான் அவர்களைச் சிரிக்கவைத்துச் சேர்த்தது என்று வைத்துக்கொண்டால், அதிலும் எனக்கு நட்டமில்லை. அதுவரைக்கும் எல்லாம் சரி.

பிறகு நான் மோர்டென்ஸ்ருட் வீட்டுத் திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன். குளியலறை முடிந்துவிட்டது, எப்போது பால் காய்ச்சுவோம் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கடன் கேட்க வருகிறவர்கள் வாசலில் நின்று அப்படித்தான் பார்ப்பார்கள்.

லண்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு மேற்படிப்போடு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே பயிற்சி முடிந்ததும் போகிறாள். ஆலையில் கீர்த்தனனின் ஒப்பந்தமும் அதோடு முடிகிறது. உனக்கு இது புதுச் செய்தி என்று நான் நினைக்கவில்லை.

நான் விடவில்லை. வழமையைச் சொன்னேன். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவது, வீடு இங்கே இருக்கிறது என்றேன். "அப்ப அந்த வீட்டில நான் இல்லாமல் கீர்த்தனன் தனிய வந்து இருக்கட்டோ" என்று கேட்டாள். கீர்த்தனன், "நான் இருப்பன் அங்கிள், பாத்ரூம் நல்லாயிருக்கு" என்றான். தாயும் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. சரி, விசாவுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். இரவீந்திரன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, விசா கிடைக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது. "அப்பா, என்னட்டை இருக்கிறது நோர்வேப் பாஸ்போட். என்னத்துக்கு விசா. ஈ.ஓ.எஸ் எண்டு சந்தியில நிண்டு எல்லாருக்கும் விளங்கப்படுத்தினது நீங்கள்தானே" என்றாள். அவளுடைய படிப்பையும் சோதனை இல்லாமல் அங்கே ஏற்றுக்கொள்வார்களாம். இந்தியாவிலிருந்து வந்த டொக்டர்களுக்கு இந்த வருடம் அங்கே புதுச் சட்டம் போட்டு வாசலை ஒடுக்கிவிட்டார்களாம். என் மகளுக்கு மட்டும் அகலத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த உடன்படிக்கையை நான் இறக்குமதி அனுமதியாகத்தான் வாசித்திருக்கிறேன். அதே வாசலால் வெளியேயும் போகலாம் என்பது, முப்பது நாட்டுச் சாமானை வாங்கி விற்கிறவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவள் மெல்பேர்னுக்குப் போவதென்றால் விசா வேண்டும். ரொறன்ரோவுக்கும் வேண்டும். அந்த வாசல்களில் ஒரு வருடமாவது இழுபட்டிருப்பாள், ஒருவேளை அலுத்தும் போயிருப்பாள். விசா தேவையில்லாத ஊரிலிருந்து ஆளைப் பிடித்து, கறித்தூளும் கொடுத்து, அவளுடைய வாசலில் கொண்டுபோய் விட்டது நான்.

அல்பேர்ட்டை உனக்குத் தெரியாது. இங்கே நகரசபையில் வேலை, சட்டம் படித்தவன், எங்களுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பித் தருவான். அவன் கடைக்கு வந்தபோது, இந்த உடன்படிக்கையை மறிக்க ஒரு வழியும் இல்லையா என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். இருக்கிறது என்றான். ஒரு நாட்டுக்குக் கடுமையான பொருளாதாரச் சிக்கலோ சமூகச் சிக்கலோ வந்தால், கொஞ்சக் காலத்துக்குக் கதவைச் சாத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். யார் விண்ணப்பிப்பது என்று கேட்டேன். "அண்ணை, அது அரசாங்கத்துக்கு. உங்களுக்கு இல்லை" என்றான். பிறகு, துசாந்தினி எப்போது போகிறாள் என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லாமலே அவனுக்கு எப்படித் தெரிந்ததென்று விளங்கவில்லை. வாங்கிய வெண்டிக்காயை இன்னொருமுறை நிறுத்துக் கொடுத்தேன்.

இனி உன்னிடம் வருகிறேன். மேல்மாடியில் கட்டிய அறை யாருக்கென்று இப்போது விளங்குகிறது. வாடகைக்கு விடுகிற அறைக்கு எவன் குளியலறையில் சலவைக்கல் பதிப்பான். நான் இங்கே குளியலறை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நீயும் அங்கே கட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். உன்னைக் கணக்குப் பார்க்கிற அப்பாவி என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் சோதனை எழுதும்போது என் பக்கம் திரும்பாமலே என் விடையைப் பார்த்து எழுதியவன் நீ என்பதை மறந்துபோனேன். கோபமா என்று கேட்டால், கடிதம் எழுதத் தொடங்கும்போது இருந்தது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் முன்னரே கட்டியிருப்பேன்.

ஒன்று மட்டும் மனதுக்குள் நிற்கிறது, உன்னிடம்தான் சொல்லலாம். நான் வடக்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது தாயும் மகளும் ஊரில். அவர்களை எடுப்பிக்க நான் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பத்திரம் குறையும். கடைசியில் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது. என்னைப் பார்த்துவிட்டுத் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். இந்த மாமா யார் என்று கேட்டாள். என்னை அப்பா என்று கூப்பிட அவளுக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. அவளைக் கொண்டுவர அவ்வளவு தாள் தேவைப்பட்டது. போவதற்கு ஒரு தாளும் தேவையில்லை என்கிறார்கள். அதைத்தான் என்னால் செமிக்க முடியவில்லை.

சரி. கலியாணம் ஆவணியில், இங்கே. அதில் பேச்சில்லை. மண்டபம், சாப்பாடு என் பொறுப்பு. நீ ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா. லண்டன் ஆட்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள், அதனால் முகூர்த்தத்தை ஒரு மணித்தியாலம் முந்திச் சொல்லிவை. மோர்டென்ஸ்ருட் வீட்டுக்குப் பழைய குடும்பமே திரும்ப வருகிறது. குளியலறையைப் பார்த்து அவர்களுக்குச் சந்தோசம்.

துசாந்தினியைப்பற்றி நீயும் சிறிதேவியும் அறியவேண்டிய சிலது இருக்கிறது. குளிரவில்லை என்று சொல்வாள், நம்பக்கூடாது. ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை தவறிப்போன நாளில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே இருப்பாள். அப்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவேண்டாம். தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடவேண்டும். கொஞ்ச நேரத்தால் தானே எழும்பி வந்து, எல்லாவற்றையும் சொல்வாள். நன்றாகச் சமைப்பாள், ஆனால் சமைத்ததை முதலில் மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுத் தனக்குக் குறைத்துக்கொள்வாள். சட்டியை யாராவது எட்டிப் பார்க்கவேண்டும். கோபம் வந்தால் என்னைப்போல. கெதியாக வரும், கெதியாகப் போகும். அந்த இடைவெளியில் மட்டும் கீர்த்தனன் பகிடி விடாமல் இருக்கச் சொல்.

பொடியன் தங்கம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்லை மற்றவர் பொறுத்து, பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து வாழவேண்டும். மங்களேஸ்வரி தினமும் அதைத்தான் வேண்டுகிறாள். நானும்தான்.

உன்னிடம் ஒன்று கேட்பேன். எப்போதாவது கோபித்துக்கொண்டோ மனம் சரியில்லாமலோ அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால், மறிக்காதே. எனக்கு மட்டும் ஒரு சொல் சொல்லிவிடு. எந்த நேரமென்றாலும் கடையைப் பூட்டிவிட்டு இங்கே கார்டர்மூன் விமான நிலையத்தில் போய் நிற்பேன். இல்லை, அப்படி எழுதியது பிழை. அவள் அப்படி வரக்கூடாது. வராமல் பார்த்துக்கொள், இரவீந்திரன். அவள் அங்கேயே நன்றாக இருக்கட்டும்.

உன் சம்பந்தி,
கதிர்காமத்தம்பி